காருக்கு வாங்கிய மாலை

ஓடாமல் நிற்கும் வண்டியில் முதலில் சாவது பேட்டரி. அடுத்தது டயர், ஒரே இடத்தில் பாரம் தாங்கித் தாங்கி அந்த இடம் மட்டும் தட்டையாகிவிடும். அதற்குள் டாங்கில் இருக்கும் பெட்ரோல் கெட்டு நாறத் தொடங்கியிருக்கும். எலி எந்த வரிசைக்கும் அடங்காது, அது முதல் வாரமே வந்துவிடும். இதையெல்லாம் கல்லூரியில் படித்தேன். பிறகு ராணுவத்தில், வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்து கண்ணாலும் பார்த்தேன். வடக்கே, டீசல் உறைந்துபோகும் ஓர் உயரத்தில், மற்றவர்களின் வண்டிகளை ஓடவைப்பதுதான் என் வேலை. அந்த நேரத்தில் என் சொந்தக் கார் எங்கள் ஊரான உறுவையாற்றில் வீட்டு வாசலில் நின்று, மேலே சொன்ன வரிசைப்படியே கெட்டுக்கொண்டிருந்தது.

சின்ன வெள்ளைக் கார். கூரை மட்டும் உயரம். வேலைக்குச் சேர்ந்து நான் செய்த முதல் பெரிய செலவு அதுதான். லீவில் வந்த நாட்களைத் தவிர அதை ஓட்டவில்லை. ரயிலில் ஏற்றி என்னோடு கொண்டுபோகலாம் என்று ஒரு திட்டம் இருந்தது. பிறகு கிடைத்த இடத்துக்கு ஒரு பெட்டியும் படுக்கையும் தவிர எதையும் கொண்டுபோக முடியாது என்று ஆனது.

எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது. அப்பாவுக்கு ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் வேலை. விடிந்ததும் மொபெட்டில் போய் மோட்டாரைப் போட்டு, தொட்டி நிறைந்ததும் வால்வைத் திறந்துவிடுவார். எங்கள் தெருவில் குழாய் கக்கும் முதல் சத்தம்தான் பலருக்கு அலாரம். பேட்டரி சாகும்வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேலை முடிந்ததும் காரில் ஏறி உட்காருவார். நான் சொல்லிக்கொடுத்தபடி கியரை இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்வார். ஏசியைப் போட்டு ரேடியோ கேட்பார். கார் ஓர் அங்குலம் நகராது. அம்மா பின்சீட்டில் செய்தித்தாள் விரித்து மிளகாய் காயவைப்பார். கண்ணாடியை ஏற்றிவிட்டால் மாடியைவிடச் சீக்கிரம் காய்கிறது, காக்காயும் கிட்டே வராது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஒவ்வொரு லீவிலும் முதல் இரண்டு நாள் நான் தும்மிக்கொண்டேதான் ஓட்டினேன்.

காரைப் பிடிக்காத ஒரே ஆள் எதிர் வீட்டு அத்தை. உறவு எதுவும் இல்லை, தெருவே அவரை அத்தை என்றுதான் கூப்பிடும். தெரு குறுகல். காரின் பின்பக்கம் அவர் கோலம் போடும் இடத்தில் ஒரு முழத்தைத் தின்றது. "உன் பொண்ணு பார்டர்ல ஒருத்தனையும் உள்ள வுட மாட்டேங்கறா. இங்க என் வாசல்ல பூந்துகினு கீறா" என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா காதில் விழாததுபோல மிளகாயைக் கிளறிக்கொண்டிருப்பார்.

அந்தக் காரை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஒரு மழைநாளில் முடிவானது. போன மழைக்காலத்து லீவில் வில்லியனூரிலிருந்து வந்துகொண்டிருந்தேன். ரோட்டோரம் ஒரு பெண் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, சுருட்டிய மெத்தை ஒன்றைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் அவிழ்ந்தது. இறங்கி, மெத்தையைக் காரில் போட்டு, அவரையும் ஏறச் சொன்னேன். ஸ்கூட்டரைப் பக்கத்து டீக்கடையில் விட்டுவிட்டு வந்தார்.

அவர் ஒரு நர்ஸ். எழுந்து நடமாட முடியாதவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் ஒரு சிறிய சேவைக் குழுவை வில்லியனூரில் ஒற்றை அறையில் நடத்திவந்தார். வாரத்தில் சில நாள் ஒரு டாக்டர் வருவார். ஓட்டுவதற்கு, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். அவர்களிடம் இருந்த பழைய வேன் ஆயுள் முடிந்து நின்றுபோய்விட்டது. உறுவையாறுபோலப் பக்கத்து ஊர்களை ஸ்கூட்டரில் சமாளித்துவிடுகிறார். சுத்துக்கேணி, நெட்டப்பாக்கம் மாதிரித் தூரத்து ஊர்கள்தான் விட்டுப்போகின்றன.

அன்று அவர் அதிகம் பேசியது சுத்துக்கேணியில் இருந்த ஒருவரைப் பற்றி. சென்ட்ரிங் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். தொண்டையில் துளை போட்டு வைத்த குழாய் வழியாகத்தான் மூச்சு. அந்தக் குழாயை மாதத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். அதற்கு டாக்டரும் வேண்டும், சளியை உறிஞ்சி எடுக்கும் இயந்திரமும் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். மூன்றையும் ஸ்கூட்டரில் ஏற்ற முடியாது. வேன் நின்ற பிறகு ஒருமுறை, அவரை மெத்தையோடு தூக்கி ஒரு லோடு ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் தலை ஆடாமல் மனைவி பிடித்துக்கொண்டே போயிருக்கிறார். திரும்பி வந்ததும் காய்ச்சல், முதுகில் புண். இனி அப்படி ஒருமுறை அவரைத் தூக்க விடமாட்டேன் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்.

நான் வேலைக்குத் திரும்பிச் சில வாரங்கள் கழித்து நர்சுக்குப் போன் செய்தேன். "அக்கா, என் காரை உங்களுக்கே கொடுத்துடலாம்னு இருக்கேன்" என்றேன்.

அவர் கேட்டது ஒன்றுதான்: "ஓடுமா மேடம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கேள்விக்காகவே கொடுக்கலாம் என்று தோன்றியது. ஓடவைத்துத்தான் கொடுப்பேன் என்றேன்.

அதன் பிறகு நான் செய்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை: பட்டியல் போட்டேன். புதுப் பேட்டரி. டயர் நான்கும், ஸ்டெப்னியும். பழைய பெட்ரோலை இறக்கிப் புதியது ஊற்றுவது. எலி கடித்த வயர். பெயர் மாற்றும் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்புவது. இன்சூரன்ஸ். பின்சீட்டை இறக்கி மிளகாய் விதையை உறிஞ்சி எடுப்பது, இதற்குத் தனியாக ஒரு வரி. வில்லியனூர் மெக்கானிக் ஒவ்வொன்றாக முடித்துப் படம் அனுப்பினார், நான் பட்டியலில் ஒவ்வொரு வரியாக அடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நர்சும் வாத்தியாரும் வந்து வண்டியை எடுத்துக்கொள்வது என்று முடிவானது. மறுநாள் திங்கட்கிழமை சுத்துக்கேணியில் குழாய் மாற்ற வேண்டிய நாள். அதுவரை மாதாமாதம் யாரிடமாவது வண்டி இரவல் வாங்கித்தான் சமாளித்திருந்தார்கள். டாக்டரும் அதற்கென்றே ஒப்புக்கொண்டிருந்தார்.

அம்மாவைச் சம்மதிக்க வைப்பது பட்டியலில் இல்லை, ஆனால் அதற்குத்தான் நிறைய ஞாயிறுகள் போயின.

"நீ லீவுல வந்தா எதுல போவ?"

"பஸ்ல."

"ஆபீசரு பஸ்ல போவாளா?"

"இங்க லாரிக்கு அடியில படுத்துட்டுதாம்மா வேலையே பாக்கறேன். பஸ்ல சீட்டு இருக்கும்."

அவருக்குப் பஸ் பிரச்சினை இல்லை என்று எனக்கும் தெரியும். வாசலில் என்னுடையது என்று ஒன்று நிற்பது அவருக்கு வேண்டியிருந்தது. ஆனாலும் சுத்துக்கேணி அம்மா ஆட்டோவில் கணவர் தலையைப் பிடித்துக்கொண்டு போன கதையைச் சொன்ன அன்று, "சரி, குடு" என்றார். அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்கக் காரில் இருந்த என் சாமான்களை எடுத்துத் துவைத்துக்கொண்டிருந்தார். பழைய கேன்வாஸ் ஷூ, தொப்பி, ஒரு டிராக் பேன்ட். அவ்வப்போது முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டிருந்தாராம். இதை எதிர் வீட்டிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவிடம் எந்த மறுப்பும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "குடுக்கறத ஊரு முழுக்கச் சொல்லிகினு குடுக்கக்கூடாதும்மா." ஆகவே தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

இனி நடந்ததில் பாதியை நான் போனில் பார்த்தேன். மீதியைப் பின்னால் அம்மா, அப்பா, அத்தை, நர்ஸ் என்று நான்கு பேரிடமும் கேட்டுக் கோர்த்தேன். நான்கு பேரும் அவரவர் பங்கைக் கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னார்கள்.

வண்டியைக் கொடுக்கும்போது ஒரு போட்டோ எடுத்துத் தாருங்கள், பெட்ரோலுக்கு உதவுகிறவர்களிடம் காட்ட வேண்டும் என்று நர்ஸ் கேட்டிருந்தார். நீங்கள் இரண்டு பேரும் சாவியோடு நில்லுங்கள், போதும் என்று நான் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. "உன் வண்டி. நீ இல்லாம இன்னா போட்டோ?" கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த, பயிற்சி முடிந்த அன்று சீருடையில் எடுத்த என் போட்டோவைக் கழற்றித் துடைத்து, காரின் பானட் மேல் முன்கண்ணாடியில் சாய்த்து வைத்தார்.

அதே நேரம் அப்பா வில்லியனூரில் பூக்கடையில் நின்றுகொண்டிருந்தார். கார் வாங்கிய அன்று மாலை போட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம், போகிற அன்றும் போட வேண்டும் என்பது அவர் கணக்கு. காருக்குப் போடுகிற மாலை என்பதால் நீளமாகக் கட்டச் சொல்லியிருக்கிறார். கட்டி முடிக்கும்வரை காத்திருந்து, மொபெட்டில் தோளில் சுற்றிக்கொண்டு வந்து, பானட்டின் குறுக்கே அழகாக வளைத்துப் போட்டுவிட்டு, குளிக்கப் போய்விட்டார். முதல்நாளே வீட்டுத் தொட்டியிலும் பாத்திரங்களிலும் அம்மா பிடித்து வைத்திருந்த தண்ணீரில் குளித்ததால், தான் அன்று மோட்டாரே போடவில்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை. அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் அதை மறந்ததே இல்லை. மழையிலும் காய்ச்சலிலும் போயிருக்கிறார். என் பெரியம்மா இறந்த அன்றுகூடத் தண்ணீரை விட்டுவிட்டுத்தான் துக்கத்துக்குப் போனார்.

தெரு விழித்து வெகுநேரம் ஆகியும் குழாயில் ஒரு சொட்டு இல்லை. என்ன ஆயிற்று என்று கேட்க, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தை வெளியே வந்தார்.

வந்தவர் கண்டது இதுதான். கார். அதன் மேல் சீருடையில் நான். என்னைச் சுற்றி ஆள் உயர ரோஜா மாலை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் போய்விட்டால் அவர் பயன்படுத்தியதை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கட்டில், சைக்கிள், துணி எதுவானாலும் இல்லாதவர்களுக்கோ ஏதாவது ஒரு இல்லத்துக்கோ கொடுத்துவிடுவார்கள். அத்தை ஒரு வாரமாக அம்மா என் துணியைத் துவைப்பதையும் கண்ணைத் துடைப்பதையும் பார்த்திருந்தார். மெக்கானிக் வந்து வண்டியைச் சரிசெய்து போனதையும் பார்த்திருந்தார். இன்று தண்ணீரும் வரவில்லை. அவருக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு, காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வார்த்தை அம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்க மாட்டார்கள். அந்தக் கேள்வியை எங்கள் தெருவில் யாரும் வாயால் கேட்பதில்லை, வந்து உட்கார்வதுதான் கேட்பது. குடத்தோடு வந்த அடுத்தவர் அத்தையைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், அவரும் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் வாசல் நிறைந்துவிட்டது. யாரோ பந்தல்காரரிடமிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள்கூடக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறார். அப்பாதான் வாயை வைத்துக்கொண்டிருக்க முடியாமல் எல்லோரிடமும் சொல்லிவிட்டார், ஊரே காரை வழியனுப்ப வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். பெரிய பாத்திரத்தில் டீ போட்டுக்கொண்டு வந்தார். ஒருவரும் எடுக்கவில்லை. துக்க வீட்டில் யார் டீ குடிப்பார்கள்?

"சர்க்கர கம்மியாத்தான் போட்டுகீறேன், குடிங்க" என்றார் அம்மா.

அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதறினார். "இந்த வண்டிய நிறுத்தறதுக்கு உன்னாண்ட சண்ட போட்டனே! ஒரு மொழம் எடத்துக்கு!"

"அத இப்ப எதுக்கு? வண்டிதான் போவப்போவுதே" என்று அம்மா சமாதானம் சொன்னார். அத்தை இன்னும் சத்தமாக அழுதார். இந்த அம்மாவுக்குக் காரின்மேல் இவ்வளவு பாசமா என்று என் அம்மா அசந்துபோனாராம்.

அப்பா குளித்து, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் வெளியே வந்தார். அவர் எந்த விசேஷத்துக்கும் வெள்ளைதான் போடுவார். இரண்டு பேர் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து, கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டார். பார்த்தவர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

நர்சும் வாத்தியாரும் ஆட்டோவில் வந்து இறங்கியது இந்த நேரத்தில். வாரத்துக்கு இரண்டு வீடாவது இப்படிப் பார்க்கிறவர் நர்ஸ். அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அம்மாவின் தோளைத் தொட்டார்.

"அம்மா, இன்னைக்கு வண்டி வேணாம். நாங்க அப்புறமா வரோம்."

"ஏன்?" என்றார் அம்மா.

"பரவாயில்லம்மா. இப்ப போய் நாங்க எப்படிம்மா எடுக்கறது?"

"வண்டில இன்னா கொற?" அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பேட்டரி புதுசு, டயரு புதுசு. மொளகா நெடி கொஞ்சம் கீது, அது போயிடும். நாளைக்குச் சுத்துக்கேணிக்குப் போவணும்னு என் பொண்ணு தலைபாடா அடிச்சிகினா!"

நர்சுக்குச் சுத்துக்கேணி ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் மகளை இழந்த வீட்டு வாசலிலிருந்து மகளின் வண்டியை ஓட்டிக்கொண்டு போக அவருக்கு மனம் வரவில்லை. வாத்தியாரிடம் கண் காட்டினார். வாத்தியார் ஆட்டோவைத் திருப்பி நிறுத்தச் சொல்லிவிட்டார்.

நான் அப்போது தகரக் கூரை போட்ட ஓர் அறையில், பனிக்குல்லாய் மாட்டிக்கொண்டு, போனைப் பிடித்தபடி சிக்னலுக்காக ஜன்னலோரம் நின்றிருந்தேன். எங்கள் இடத்தில் ஞாயிறு காலை கொஞ்ச நேரம்தான் வீடியோ எடுக்கும். சாவி கைமாறுவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மணி அடித்ததும் அப்பா எடுத்தார்.

"பாப்பா, ஊரே வந்திருக்குதும்மா" என்றார். குரலில் அத்தனை பெருமை.

"எதுக்குப்பா?"

"வண்டிய வழியனுப்பத்தான். இரு, காட்டறேன்."

போனைத் திருப்பினார். வரிசையாகக் குனிந்த தலைகள். தொடாத டீ டம்ளர்கள். சக்கரத்தின் அருகே தலை கலைந்த அத்தை. நடுவில், மாலைக்குள், நான்.

பழுதைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். இதற்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை.

"அப்பா, அந்தப் போட்டோவ எடுங்க."

"இருக்கட்டும்மா. நல்லாத்தான் கீது."

"அப்பா. மாலையப் பாருங்க. போட்டோவப் பாருங்க. சுத்தி உக்காந்திருக்கறவங்களப் பாருங்க. நான் எப்படி இருக்கேன்?"

படம் ஆடாமல் நின்றது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று புரிந்தது. பிறகு மெதுவாக, "ஐயய்யோ" என்று கேட்டது.

"ஸ்பீக்கர்ல போட்டு அவங்க பக்கம் திருப்புங்க. அத்தை! அத்தை, எழுந்திருங்க. எனக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கேன்!"

இந்த இடத்தில் லைன் உறைந்துபோனது. நான் பேசப் பேச, அவர்கள் பக்கத்தில் என் முகம் கண் மூடி, வாய் பாதி திறந்து, அசையாமல் நின்றுவிட்டதாம். நிமிர்ந்து பார்த்த அத்தை மறுபடியும் மார்பில் அடித்துக்கொண்டார். பின்னாலிருந்து ஒருவர், "அது பழைய வீடியோபா" என்று விளக்கம் வேறு சொல்லியிருக்கிறார்.

லைன் திரும்ப வந்தபோது நான் "கேக்குதா? கேக்குதா?" என்று கத்திக்கொண்டிருந்தேன். அத்தை அப்பாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கி, மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டார்.

"யாருடி அது?"

"நான்தான் அத்தை."

"பொங்கலன்னிக்கு என் கோலத்துல டயர ஏத்துனவளா?"

"ஆமா அத்தை. மயில் கோலம்."

அத்தை மூச்சு விட்டார். "கீறியா?"

"இருக்கேன்."

"அப்புறம் எதுக்குடி என்ன இப்டி அழ வுட்ட? உசுரோட கீற பொண்ணு போட்டோவுக்கு எந்த அப்பனாவது மாலை போடுவானா? ஊருக்குத் தண்ணி வுடற ஆளு, புத்தி வாணாம்?"

"நான் காருக்குத்தாங்க போட்டேன்" என்று அப்பாவின் குரல் எங்கோ பின்னால் கேட்டது.

முதலில் சிரித்தது வாத்தியார். பிறகு தெரு முழுக்கச் சிரித்தது. டீயை எடுத்துக் குடித்தார்கள், ஆறிப்போயிருந்தும். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை பேர் எதற்காக வந்து உட்கார்ந்திருந்தார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. மாலையை விலக்கி என் போட்டோவை எடுத்துப் புடவைக்குள் அணைத்துக்கொண்டார். பிறகு போனை வாங்கி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூக்கு உரிஞ்சிருக்குது. தேங்கா எண்ண வெக்கறியா இல்லியா?"

"வெக்கறேம்மா."

நர்ஸ் கொஞ்சம் தள்ளி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அக்கா, சீக்கிரம் சாவிய வாங்கிக்கங்க. நாளைக்கு சுத்துக்கேணி" என்றேன். அவர் கையை நீட்டினார். ஆனால் அத்தை குறுக்கே வந்தார்.

"யாரும் வண்டியத் தொடக்கூடாது."

"ஏன் அத்தை?"

"எழவு வூட்ல அழுவற மாதிரி அழுதுட்டோம். தல முழுவாம எப்டித் தொடறது? ஒடம்பு முடியாதவங்கள பாக்கப் போற வண்டிடி. ஒவ்வொருத்தரும் வூட்டுக்குப் போயி குளிச்சிட்டு வாங்க."

அழவேயில்லை என்று சிலர் வாதாடிப் பார்த்தார்கள். அத்தையிடம் எடுபடவில்லை. எல்லோரும் எழுந்தார்கள். அப்போதுதான் ஒருவர் கேட்டார்: "குளிக்கறதுக்குத் தண்ணி?"

தெரு மொத்தமும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் மொபெட்டை நோக்கி ஓடியதுதான் நான் கடைசியாகப் பார்த்தது. லைன் போய்விட்டது.

அதன் பிறகு தண்ணீர் வந்தது. தெருவே ஒரே நேரத்தில் குளித்தது. நர்சையும் வாத்தியாரையும் அம்மா உள்ளே உட்காரவைத்து இட்லி போட்டார். சீட்டுக்கு அடியிலிருந்து மெக்கானிக்கின் கண்ணுக்குத் தப்பிய மிளகாய்களைப் பொறுக்கி, அத்தை காருக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார். அடுத்து என் போட்டோவுக்கும் சுற்றினார். அந்த நெடியில் எல்லோரும் இருமிக்கொண்டே வண்டியை அனுப்பினார்கள். சாவி கொடுக்கும் படம் எனக்கு வந்தபோது பார்த்தேன். அதில் ஏறக்குறைய இருபது பேர், எல்லோர் தலையும் ஈரம்.

ஆனால் சுத்துக்கேணிக்குக் கார் தனியாகப் போகவில்லை. முதல் பயணத்துக்குத் தெருவிலிருந்து யாராவது துணைக்குப் போகாமல் எப்படி அனுப்புவது என்று அத்தை கேட்டாராம். மறுநாள் விடிந்ததும் பஸ் பிடித்து வில்லியனூருக்கே போய், யாரையும் கேட்காமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். டாக்டர் பின்னால் ஆக்சிஜன் சிலிண்டரோடு உட்கார வேண்டியதாயிற்று.

இது எதுவும் எனக்குத் திங்கட்கிழமை தெரியாது. அன்று இங்கே பனிப்புயல், தொடர்பு அறுந்துவிட்டது. ஒரு லாரியின் முன்அச்சுக்கு அடியில் படுத்தபடி சுத்துக்கேணியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேட்டரி டெர்மினலை மெக்கானிக் இறுக்கினாரா? எலி கடித்த வயரில் ஏதாவது ஒன்றை விட்டிருப்பாரா? வழியில் வண்டி நின்றுவிட்டால், குழாயோடு ஒருவர் அங்கே காத்துக்கொண்டிருப்பார். என் பட்டியலில் எல்லாம் அடித்திருந்தது. ஆனாலும் பயம் போகவில்லை.

சில நாள் கழித்துத் தொடர்பு வந்ததும், நர்சின் எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. பேசியது நர்ஸ் இல்லை.

"ஏண்டி, நான்தான். நர்சம்மா போன்லேர்ந்து பேசறேன். சுத்துக்கேணில கீறோம். கொழா மாத்தியாச்சி. டாக்டரு நல்லபடியா முடிச்சிட்டாரு. அந்த ஆளால பேச முடியல, ஆனா முடிஞ்சதும் டாக்டரப் பாத்துக் கண்ண மூடித் தொறந்தாரு. இப்ப நல்லா தூங்கறாரு. அவரு பொண்டாட்டி என் கையப் புடிச்சிகினு வுடவே மாட்டேங்குது. நான் இன்னா பண்ணன், சும்மா வண்டில குந்திகினு வந்தேன். எங்க தெரு வண்டிதாம்மா, மாசாமாசம் வரும், நீ அவர ஆட்டோல தூக்கிகினு அலையாதன்னு சொல்லிட்டேன். சொன்னது சரிதானே? அப்புறம் இந்த முன்சீட்ட எப்டிடி பின்னால தள்றது? வர்ற வழி பூரா முட்டி இடிக்குது. வாத்தியாருக்கும் தெரில. நெட்டப்பாக்கம் வேற போவணுமாம். சீக்கிரம் சொல்லு."

மூன்று நாள் தாமதம்தான், இருந்தாலும் பதில் அனுப்பினேன். "சரியாத்தான் சொல்லியிருக்கீங்க அத்தை. சீட்டுக்குக் கீழே, முன்பக்கம், ஒரு கம்பி இருக்கும். அத மேல தூக்கிப் புடிச்சிக்கிட்டு, காலால பின்னால தள்ளுங்க."